1,38,000 கிலோமீட்டர் ஓடின ஹைபிரிட் காரை வாங்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கேன்.)

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அத்தான் போன் பண்ணாரு. "மாப்ளே, நம்ம மாப்பிள்ளையூரணிலயே ஒரு ஹைபிரிட் வண்டி வந்திருக்கு. காலைல வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லு. நல்லா இருந்தா கையோட அட்வான்ஸ் குடுத்திருதேன்."

அத்தான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். தூத்துக்குடி துறைமுகத்துல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை. அவங்க அம்மாவை மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை மதுரைக்கு ட்ரீட்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டி கட்டுப்படியாகல. கையில 11 லட்சம் இருந்துச்சு. அதுல 4 லட்சம் அக்கா வளையலை அடகு வச்சு வாங்கினது. அதனால இது சும்மா "என்ன கார் மச்சி எடுக்கலாம்"ங்கிற பேச்சு இல்ல.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் மெக்கானிக் இல்ல. படிச்சது இன்ஜினியரிங், பாக்கறது சாஃப்ட்வேர் வேலை. ஆனா ஹைபிரிட் கார்ல பாதி கம்ப்யூட்டர். அது எழுதி வைக்கிற லாகைப் படிக்கத் தெரிஞ்சா ஏமாறாம தப்பிக்கலாம். இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

மீட்டரைப் பாத்து பயப்படணுமா?

2022-லதான் நம்ம ஊர்ல நடுத்தரக் குடும்பம் யோசிக்கிற விலையில ஸ்ட்ராங் ஹைபிரிட் வந்துச்சு. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஹைபிரிட், அந்த வருஷக் கடைசில இன்னோவா ஹைக்ராஸ். அப்ப வாங்கி நிறைய ஓட்டினவங்க இப்ப விக்கிறாங்க. அதனாலதான் லட்சம் கிலோமீட்டர் தாண்டின ஹைபிரிட் எல்லாம் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வருது. நாங்க பாத்ததும் அதுல ஒண்ணு. கம்பெனி பேர் சொல்லப் போறதில்ல, ஏன்னா இந்தக் கதைல தப்பு கம்பெனியோடது இல்ல.

புரோக்கர் சொன்ன விலை 11.5 லட்சம். ஓட்டம் 1,38,000. அத்தானுக்கு அந்த நம்பர்தான் பயம். எனக்கு அது அவ்வளவு பெரிய பயமா தெரியல.

ஏன்னா, டொயோட்டா, மாருதி போடுற ஸ்ட்ராங் ஹைபிரிட்ல இன்ஜினும் ரெண்டு மோட்டாரும் ஒரு பல்சக்கரத் தொகுப்புல சேர்ந்திருக்கு. கிளட்ச் கிடையாது. சாதா சிவிடில இருக்கிற பெல்ட் கிடையாது. தனியா ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் கிடையாது. தேஞ்சு போற சாமானே கம்மி. டவுனுக்குள்ள ஓட்டுறப்ப இன்ஜின் பாதி நேரம் ஆஃப்லதான் இருக்கும். மீட்டர்ல 1,38,000 இருந்தா இன்ஜினும் அவ்வளவு தூரம் உழைச்சுதுன்னு அர்த்தம் இல்ல.

பேட்டரி? ஹைரைடர், விட்டாரா ரெண்டுலயும் இருக்கிற பேட்டரி 0.76 கிலோவாட் அவர். நம்ம ஈபி பில் கணக்குல சொன்னா முக்கால் யூனிட் கரண்ட். ஏறக்குறைய 40 செல்போன் பேட்டரி, அவ்வளவுதான். ஒரு எலக்ட்ரிக் கார்ல இருக்கிற மாதிரி பெரிய டேங்க் இல்ல இது. கம்ப்யூட்டர்ல சொல்வோமே கேஷ் மெமரின்னு, அது மாதிரி. சின்னது, ஆனா ஓயாம நிரம்பிக் காலியாகும். அதை முழுசா நிரம்பவும் விடாம, முழுசா காலியாகவும் விடாம நடுவுலயே வச்சு ஓட்டுறது காரோட கம்ப்யூட்டர் வேலை. நம்ம போனை ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டுக் கொல்ற மாதிரி யாரும் அதைக் கொல்ல முடியாது.

இதுக்கு ஒரு நல்ல சான்று இருக்கு. 2011-ல அமெரிக்காவோட கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, 2 லட்சம் மைலுக்கு மேல ஓடின 2002 மாடல் ப்ரியஸ் ஒண்ணை எடுத்து சோதிச்சாங்க. நம்ம கணக்குல 3.2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல. பத்து வருஷம் முன்னாடி புதுசா சோதிச்ச ப்ரியஸோட ஒப்பிட்டா, மைலேஜ்ல கிட்டத்தட்ட வித்தியாசமே இல்ல. பேட்டரி மாத்தாத வண்டி அது.

அப்ப ஹைபிரிட்டை எது கொல்லும்? சூடு, உப்பு, தண்ணி. இந்த மூணும் மீட்டர்ல ஏறாது. தூத்துக்குடில மூணுமே தாராளமா கிடைக்கும்.

வண்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி காகிதம்

அத்தான்கிட்ட நம்பரை வாங்கி எம்பரிவாகன் ஆப்ல போட்டேன். 2023 பிப்ரவரில ரிஜிஸ்டர் ஆன வண்டி. ஒரே ஓனர். கடன் எதுவும் நிலுவையில இல்ல. நல்லது.

அடுத்து இன்சூரன்ஸ் பாலிசி போட்டோ கேட்டேன். நடப்பு பாலிசி மட்டும் இல்ல, பழசும். இதை நிறைய பேர் கேக்கறதே இல்ல. பாலிசில நோ கிளைம் போனஸ்னு ஒரு சதவீதம் இருக்கும். கிளைம் இல்லாம ஒரு வருஷம் போனா 20, ரெண்டு வருஷம்னா 25, அப்புறம் 35, 45, கடைசியா 50. நடுவுல கிளைம் பண்ணா திரும்ப பூஜ்யம். அதாவது அந்தச் சதவீதம் வண்டியோட ஒரு சின்ன சரித்திரம்.

இந்த வண்டிக்கு 2024 பிப்ரவரில புதுப்பிச்ச பாலிசில போனஸ் 0. அப்படின்னா முதல் வருஷத்துலயே ஏதோ கிளைம் போயிருக்கு. பம்பர் இடிச்சதாக்கூட இருக்கலாம். அதை வச்சு மட்டும் முடிவு பண்ணக்கூடாது. ஆனா அந்த முதல் வருஷத்துக்குள்ள 2023 டிசம்பர் வருது.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அந்த மாசத்தை விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்குச் சொல்றேன். டிசம்பர் 17, 18-ல கொட்டின மழைல காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் பதிவாச்சு. தூத்துக்குடில பல தெருவுல நாள் கணக்கா தண்ணி வடியல. அந்தத் தண்ணில நின்ன கார் எல்லாம் எங்க போச்சு? கொஞ்சம் உடைக்கப் போச்சு. கொஞ்சம் கழுவித் துடைச்சு திரும்ப ரோட்டுக்கு வந்துச்சு.

பானட்டைத் தொட்டுப் பாருங்க

ஞாயித்துக்கிழமை காலைல 7 மணி. வண்டி பளபளன்னு நிக்குது. நான் பண்ணின முதல் வேலை பானட் மேல கை வச்சது. சூடா இருந்துச்சு.

"காலைலயே ஓட்டினீங்களா அண்ணாச்சி?"

"கழுவக் கொண்டுபோயிட்டு வந்தேன் தம்பி. அழுக்கோட காட்டக்கூடாதுல்லா."

இதை நான் குத்தமா சொல்லல. ஆனா எந்த வண்டியையும், முக்கியமா ஹைபிரிட்டை, குளிர்ந்த நிலையில பாக்கணும். முந்தின நாளே "ஸ்டார்ட் பண்ணாம வைங்க"ன்னு சொல்லிடுங்க. குளிர்ந்த இன்ஜின் முதல் தடவை எந்திரிக்கிறப்ப நாலஞ்சு செகண்ட் கடகடன்னு உதறினா, கூலன்ட் சிலிண்டருக்குள்ள கசியுதான்னு சந்தேகப்படணும். பழைய மூணாம் தலைமுறை ப்ரியஸ்ல ஹெட் கேஸ்கெட் போறதுக்கு இதுதான் பேர்போன அறிகுறி. சூடான இன்ஜின்ல அது ஒளிஞ்சுக்கும்.

பானட்டைத் திறந்தா கூலன்ட் டப்பா வழக்கமா ரெண்டு இருக்கும். ஒண்ணு இன்ஜினுக்கு, இன்னொண்ணு இன்வெர்ட்டருக்கு. இன்வெர்ட்டர்ங்கறது பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிற பெட்டி. நிறைய பேர் இன்ஜின் கூலன்ட்டை மட்டும் பாத்துட்டு மூடிருவாங்க. ரெண்டுலயும் அளவு சரியா இருக்கா, நிறம் தெளிவா இருக்கான்னு பாருங்க. ஆரஞ்சு கலர் கேபிள் எதையும் தொடாதீங்க. அது ஹை வோல்டேஜ். அதுல விளையாட்டே வேண்டாம்.

தண்ணி போட்ட கையெழுத்து

வெள்ளத்துல நின்ன வண்டியைக் கழுவிடலாம். ஆனா எல்லா இடத்தையும் கழுவ முடியாது. சீட்டுக்கு அடியில தண்டவாளம் மாதிரி இருக்கிற ரெயிலோட போல்ட்டைப் பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, அடிப்பகுதில மண்ணுக் கோடு இருக்கான்னு பாருங்க. ஸ்டெப்னி டயரைத் தூக்கி அந்தக் குழியைத் தடவுங்க. தரைக் கார்ப்பெட் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி மோந்து பாருங்க. உள்ள சென்ட் வாசம் தூக்கலா இருந்தா, எதை மறைக்கன்னு யோசிங்க.

இந்த வண்டில சீட் பெல்ட் சுத்தம். கார்ப்பெட் புதுசு. மூணு வருஷ வண்டிக்குப் புதுக் கார்ப்பெட் எதுக்கு? டிரைவர் சீட் ரெயில் போல்ட் நாலுலயும் துரு. ஸ்டெப்னிக் குழி மூலைல காஞ்ச வண்டல், நகத்தால சுரண்டினா மாவு மாதிரி உதிருது.

கடலோர ஊர்ல துரு சகஜம்தானேன்னு கேக்கலாம். சகஜம்தான். ஆனா உப்புக் காத்து வண்டியை அடியிலயும் வெளியிலயும் அரிக்கும். சைலன்சர், சஸ்பென்ஷன், பிரேக் பக்கம் அதைப் பாக்கலாம். கண்ணாடி ஏத்தின வண்டிக்குள்ள சீட் போல்ட் நாலும் துருப்பிடிக்கணும்னா தண்ணி உள்ள வந்திருக்கணும்.

உப்பு ஹைபிரிட்டை என்ன பண்ணும்ங்கறதுக்கு கனடால ஒரு பாடம் இருக்கு. அங்க பனி உருக ரோட்டுல உப்புக் கொட்டுவாங்க. அந்த உப்புத் தண்ணி ஆர்ஏவி4 ஹைபிரிட்ல பின் மோட்டாருக்குப் போற ஹை வோல்டேஜ் கேபிளோட கனெக்டரை அரிச்சிருச்சு. டொயோட்டா அந்தப் பாகத்துக்கு வாரண்டியை நீட்டிக்க வேண்டி வந்துச்சு. நம்ம ஊர்ல விக்கிற முன் சக்கர ஹைபிரிட்ல அந்தக் கேபிளே கிடையாது. ஆனா உப்பும் கனெக்டரும் சேர்ந்தா என்ன ஆகும்னு புரிஞ்சுக்க அது போதும்.

லாகை யார் அழிச்சது?

இப்ப நம்ம ஏரியா. டாஷ்போர்டுக்குக் கீழ ஓபிடி போர்ட் இருக்கும். ஆன்லைன்ல கிடைக்கிற ஒரு சின்ன புளூடூத் டாங்கிளை அதுல சொருகி, போன் ஆப்போட இணைச்சா கார் உங்ககிட்ட பேசும்.

எல்லாரும் பிழைக் கோடு இருக்கான்னு மட்டும் பாப்பாங்க. ரெண்டு கோடு ஹைபிரிட்டுக்கு முக்கியம். பி0ஏ80-ன்னா ஹைபிரிட் பேட்டரி தளர்ந்துருச்சு. பி0ஏஏ6-ன்னா ஹை வோல்டேஜ் எங்கயோ கசியுது. ஹை வோல்டேஜ் பக்கம் காரோட பாடியைத் தொடாம முழுசா தனியா இருக்கணும். கார் அதை விடாம சோதிச்சுக்கிட்டே இருக்கும். ஈரமும் உப்பும் அழுக்கும் கனெக்டர்ல படிஞ்சா அது வழியா கொஞ்சம் கரண்ட் கசியும். வெயில் காலத்துல காஞ்சு சரியான மாதிரி இருக்கும், மழை வந்தா திரும்ப வரும். வெள்ளத்துல நின்ன ஹைபிரிட்ல நான் பயப்படுற கோடு இதுதான்.

எங்க வண்டில கோடு எதுவுமே இல்ல. சுத்தம். அத்தான் சிரிச்சுட்டாரு.

ஆனா அதே ஆப்ல இன்னொரு வரி இருக்கும். கோடுகளை அழிச்சதுக்கு அப்புறம் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு. அதுல 11-னு இருந்துச்சு.

11 கிலோமீட்டர். நைட்டு ப்ரொடக்‌ஷன் சர்வர்ல பிரச்சினை, காலைல போய்ப் பாத்தா லாக் ஃபைல் காலின்னா நீங்க என்ன நினைப்பீங்க?

கேட்டேன். "சின்ன பேட்டரி மாத்தினோம் தம்பி, அதான் அழிஞ்சிருக்கும்"னாரு. நியாயமான பதில்தான். 12 வோல்ட் பேட்டரியைக் கழட்டினா சில வண்டில அழியும். போய் அந்தப் பேட்டரியைப் பாத்தேன். பழசு. டெர்மினல்ல பச்சை பூத்து, அது மேல தூசி. கிட்டத்துல யாரும் கழட்டின அடையாளமே இல்ல.

என்ன கோடு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சாதாரண சென்சார் கோடாக்கூட இருந்திருக்கலாம். தெரிஞ்சுக்கிற வழியை யாரோ அழிச்சிருக்காங்க, பிரச்சினையே அதான்.

வாரண்டி காப்பாத்துமா?

அத்தான் கேட்ட நல்ல கேள்வி இது. "8 வருஷம், 1,60,000 கிலோமீட்டர் பேட்டரி வாரண்டி இருக்குல்லா மாப்ளே?"

இருக்கு. டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூணு பேரும் இந்த ஹைபிரிட் பேட்டரிகளுக்கு அதைத்தான் குடுக்கறாங்க. ஆனா எது முதல்ல வருதோ அதோட முடிஞ்சிரும். 1,38,000-ல மிச்சம் 22,000. அத்தான் ஓட்டத்துக்கு அது ஒரு வருஷம் வந்தா ஜாஸ்தி. அதைவிட முக்கியம், வெள்ளத்துல வந்த சேதம் வாரண்டில வராது. வெள்ளம் பாத்த வண்டிக்கு பேப்பர்ல இருக்கிற வாரண்டியை நம்பிப் பணம் குடுக்கறது, கசியுற பைக்கு ஜிப் போடுற மாதிரி.

கடைசியா நான் ஒண்ணுதான் கேட்டேன். "சர்வீஸ் சென்டர்ல காசு நாங்க கட்டறோம். லிஃப்ட்ல ஏத்தி, ஹை வோல்டேஜ் இன்சுலேஷன் செக் பண்ணிக்கலாமா?"

"இவ்வளவு சந்தேகம்னா நீங்க புது வண்டிதான் வாங்கணும் தம்பி. வேணும்னா ஒண்ணேகால் லட்சம் கொறைச்சுக்கிடுதேன்."

10.25 லட்சம். அத்தான் முகம் மாறுச்சு. அந்த மிச்சம் அவருக்குப் பெரிய காசு. பத்து நிமிஷம் தனியா நின்னு பேசினோம். நான் சொன்னது இவ்வளவுதான்: "செக் பண்ண விட மாட்டேங்கறவர் விலையைக் குறைக்கறாரு அத்தான். அந்த ஒண்ணேகால் லட்சம் எதுக்கான விலைன்னு யோசிங்க."

கிளம்பி வந்துட்டோம். ரெண்டு நாள் அத்தான் என்கூட சரியா பேசல.

கூடுதலா ஓடின வண்டி

மூணு வாரம் கழிச்சு மதுரைல ஒண்ணு பாத்தோம். ஓட்டம் 1,62,000. கேட்டதும் அத்தான் "வேண்டாம்"னாரு. பேட்டரி வாரண்டி முடிஞ்சு 2,000 கிலோமீட்டர் ஆச்சு. ஆனா பாலிசில போனஸ் 20, 25, 35-னு வரிசையா ஏறியிருந்துச்சு. சர்வீஸ் ரெக்கார்டு ஒண்ணுகூட விடல. பானட் ஜில்லுனு இருந்துச்சு. கோடு அழிச்சு 8,400 கிலோமீட்டர், அது கடைசி சர்வீஸ் தேதியோட சரியா பொருந்துச்சு.

ஓட்டிப் பாத்தோம். நிறுத்தி வச்சு ஏசியை முழுசா போட்டு பேட்டரி பாரைப் பாத்தோம். நிதானமா இறங்குச்சு, இன்ஜின் வந்ததும் நிதானமா ஏறுச்சு. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பார் விழுந்து எழுந்து இன்ஜின் ஆன் ஆஃப் ஆனா, பேட்டரி கொள்ளளவு போயிருச்சுன்னு அர்த்தம். ஆப்ல பேட்டரி பிளாக் வோல்டேஜ் எல்லாம் ஆக்சிலரேட்டர் மிதிக்கிறப்பவும் ஒண்ணா இறங்கி ஒண்ணா ஏறுச்சு. ஒண்ணு மட்டும் தனியா தொங்கினா அதுதான் நோயாளி.

குறையும் இருந்துச்சு. ஒரு வீல் பேரிங் 60-ல போறப்ப ஊளையிட்டுச்சு. பின் பிரேக் கேலிபர் ஒண்ணு இறுகியிருந்துச்சு. ஹைபிரிட்ல இது சகஜம். வேகம் குறைக்கிற வேலையை பெரும்பாலும் மோட்டாரே பாத்துக்கும், அதனால பிரேக் பேட் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் தடியா இருக்கும். ஆனா வேலை இல்லாத பிரேக் துருப்பிடிச்சு இறுகும். பேட் தடியா இருக்கேன்னு சந்தோஷப்பட்டு விட்டுறாதீங்க, கேலிபர் நகருதான்னு பாருங்க. பேட்டரிக்குக் காத்து இழுக்கிற வென்ட்ல பஞ்சு மாதிரி தூசி அடைச்சிருந்துச்சு. அந்த வென்ட் அடைச்சா பேட்டரி சூட்டுலயே வேகும். அது மேல துண்டு, பை எதையும் போட்டு மூடாதீங்க.

சர்வீஸ் சென்டர்ல லிஃப்ட்ல ஏத்திப் பாக்க ஓனர் உடனே சரின்னாரு. இன்சுலேஷன் ஓகே. 9.25 லட்சத்துக்கு முடிஞ்சுது. ரிப்பேர் எல்லாம் சேத்து 38,000 ஆச்சு.

பேட்டரி என்னைக்காவது போகும். போனா செலவு லட்சத்துல இருக்கும். அப்ப கடலுக்கு அந்தப் பக்கம் பண்ற மாதிரி பண்ணலாம்னு சில பேர் சொல்வாங்க. இலங்கைல 2020 மார்ச்சுல வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரிலதான் திறந்தாங்க. அதுவரைக்கும் பழைய ப்ரியஸ், அக்வா, ஃபிட் எல்லாத்தையும் வச்சே ஓட்டியாகணும். பேட்டரி பெட்டியைத் திறந்து கெட்ட மாட்யூலை மட்டும் மாத்துற தொழில் அங்க பரவலா இருக்கு. ஆனா பழசு எல்லாத்துக்கும் நடுவுல ஒரு புதுசைப் போட்டா, அடுத்த பழசு சீக்கிரமே போகும். அது நாள் கடத்துற வைத்தியம். நீங்க பாக்குற வண்டில அப்படி நடந்திருக்கான்னும் கேளுங்க.

அதனால மீதி ஒரு லட்சத்துச் சொச்சத்தை பேட்டரிக்குன்னு தனியா ஃபிக்ஸட்ல போடச் சொன்னேன். அக்கா கேக்கல. "பேங்க்ல போட்டு எதுக்குடா? அதுக்கு வளையல்ல ஒரு ஜோடியத் திருப்பிருவோம். பேட்டரி போச்சுன்னா திரும்ப வச்சுக்கிட்டாப் போச்சு. அதுவரைக்கும் வட்டியாவது மிச்சம், கையிலயும் கெடக்கும்." இந்தக் கணக்கு எனக்குத் தோணவே இல்ல.

போன வாரம் அத்தானோட அம்மா அந்த வண்டில மதுரை போயிட்டு வந்தாங்க. சத்தமே இல்லாம ஓடுது, தூக்கம் வந்துருச்சுன்னாங்க.

நீங்க செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் பாத்துட்டு இருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி பழைய பாலிசியைக் கேளுங்க, பானட்டைத் தொடுங்க, கோடு அழிச்சு எத்தனை கிலோமீட்டர்னு பாருங்க. இந்த மூணுக்கும் மெக்கானிக் வேண்டாம். இந்த மூணும் சரியா இருந்தா மெக்கானிக்குக் காசு செலவு பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.